லைட்டுக்கு வர்ற இந்தக் குட்டிப்பூச்சி குருத்துப்பூச்சியா, இலைச்சுருட்டா? போட்டோ பாத்துச் சொல்லுங்க

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு நீடாமங்கலத்துக்குத் தெக்க. சம்பாவுக்கு சிஆர் 1009 நெல்லு ரகம் நட்டுருக்கோம், நடவு முடிஞ்சு ஒரு மாசம் தாண்டிருச்சு, இப்ப நல்லா தூர் கட்டிட்டு நிக்குது. வயல் அப்பாதான் பாக்குறாரு, நான் திருச்சில வேலை, சனி ஞாயிறுதான் வருவேன். இந்தத் தடவ வந்தப்ப ராத்திரி வாசல் லைட்டச் சுத்தி சின்னச் சின்னதா வெளுத்த மஞ்சள்ல அந்துப்பூச்சி மொய்க்குது, காலைல பாத்தா சுவத்துலயும் திண்ணைலயும் ஒட்டிக்கிட்டு கெடக்கு. மருந்துக்கடைல போட்டோ காட்டினேன், அவரு போனைக் கைல கூட வாங்கல, குருத்துப்பூச்சி தம்பின்னு ரெண்டு பாட்டிலும் ஒரு பாக்கெட்டும் எடுத்து வெச்சுட்டாரு. பக்கத்து வயக்கார மாமா இது இலைச்சுருட்டுடாங்குறாரு. அம்மா என்னடான்னா வயலும் இல்ல ஒண்ணும் இல்ல, உள்ள வெதநெல்லு மூட்டைலேர்ந்து வர்ற அந்துன்னு சொல்றாங்க. நான் யார் சொல்றத கேக்குறது? மருந்து வாங்கியாச்சு ஆனா இன்னும் அடிக்கல. போட்டோ போட்டுருக்கேன், மொபைல்ல எடுத்தது, கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும்.

நாத்தங்கால்:
தம்பி அடிக்காம நிறுத்துனதே நல்லது, மருந்து எங்கயும் ஓடிப்போயிடாது. போட்டோவுல கலர் மட்டுந்தான் தெரியுது, கலர வெச்சு இதுல ஒண்ணும் சொல்ல முடியாது, டெல்டால நெல்லுல வர்ற பாதி அந்துப்பூச்சி லைட்டு வெளிச்சத்துல மஞ்சளாத்தான் தெரியும். ரெண்டு விஷயம் சொல்லு. ஒண்ணு, றெக்கை நடுவுல கருப்புப் புள்ளி இருக்கா இல்ல குறுக்கால கோடு கோடா ஓடுதா. இன்னொண்ணு, வயல்ல எறங்கிப் பாத்தியா இல்ல வாசல்லயே நின்னுட்டு கேக்குறியா? கோவிச்சுக்காத, நெறையப் பேரு வாசல்லேர்ந்துதான் கேக்குறாங்க. நடுக்குருத்து எங்கயாச்சும் காஞ்சு நிக்குதா, இலை நெடுக்கால மடிஞ்சு வெள்ளை வெள்ளையா கோடு விழுந்திருக்கா, அதப் பாத்துட்டு வந்து சொல்லு.

விட்டில் பிரியன்:
நான் விவசாயி இல்ல, கும்பகோணம், விட்டில் பூச்சி போட்டோ எடுக்குறது நம்ம பொழுதுபோக்கு, வீட்டு மாடில வெள்ளைத் துணி கட்டி லைட்டு போட்டு உக்காந்திருப்பேன், தெருவுல ஒரு மாதிரித்தான் பாப்பாங்க. உங்க மூணாவது போட்டோவ ஜூம் பண்ணிப் பாத்தேன், அதுல ரெண்டு வகை இருக்கு. எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னு சொல்றேன், அடுத்த தடவ நீங்களே சொல்லிடலாம்.

வலது ஓரத்துல இருக்குறது மஞ்சள் தண்டுத் துளைப்பான், நீங்க சொல்ற குருத்துப்பூச்சி, சிர்போஃபேகா இன்செர்டுலாஸ். அது உக்காரும்போது றெக்கை ரெண்டையும் கீத்துக் கொட்டகைக் கூரை கணக்கா ரெண்டு பக்கமும் சரிச்சு மூடிக்கும், அதனால மேலேர்ந்து பாத்தா ஒடம்பு ஒல்லியா நீளமா தெரியும். தலைக்கு முன்னாடி மூக்கு நீட்டிட்டு இருக்கும், அது மூக்கு இல்ல, வாய்ப் பக்கத்து உறுப்பு ஒரு ஜோடி அப்படி முன்னால நீண்டு வளந்திருக்கு. பொட்டைன்னா நல்ல மஞ்சள், ஒவ்வொரு முன்றெக்கை நடுவுலயும் ஒரே ஒரு கருப்புப் புள்ளி பளிச்சுன்னு தெரியும், வால் பக்கம் மஞ்சளா ஒரு முடிக்கத்தை இருக்கும். ஆண் இன்னும் சின்னது, வெளுத்த பழுப்பு, அந்த நடுப்புள்ளி மங்கலா இருக்கும், றெக்கை ஓரத்துல பொடிப் புள்ளிங்க வரிசையா ஓடும். ஆணப் பாத்துட்டு இது வேற பூச்சின்னு நெனைக்கிறவங்கதான் ஜாஸ்தி.

இடது பக்கம் இருக்குறது இலைச்சுருட்டு, நஃபலோக்ரோசிஸ் மெடினாலிஸ். அது றெக்கைய மூடாம தட்டையா விரிச்சு முக்கோணமா உக்காரும். பொன்னிறம், குறுக்கால கருங்கோடு, முன்றெக்கைல ரெண்டு கோடு முழுசா ஓடும், நடுவுல ஒண்ணு பாதிலயே நின்னுடும், ஓரத்துல கருப்பா பட்டையா ஒரு பார்டர். ஆணுக்கு றெக்கை முன் ஓரத்துல சின்னதா கருப்பு முடிக்குடுமி இருக்கும், மேக்ரோ லென்ஸ் இருந்தா அழகாத் தெரியும். வரப்புல நடந்து போகும்போது கால் பட்டதும் குபுக்குன்னு எழும்பி நாலடி தள்ளி மறுபடி இலைக்குள்ள போய் உக்காருமே, அது பெரும்பாலும் இதான்.

சுருக்கமா ஒத்தப் புள்ளின்னா குருத்து, கோடுன்னா சுருட்டு.

கொள்ளிடக்கரை:
எதுவா இருந்தா என்னங்க, ரெண்டுமே நெல்லத் திங்குற புழுதானே. கடைல குடுத்தத கலந்து அடிச்சு விடுங்க, பூச்சி பேரு கண்டுபிடிச்சுட்டு இருந்தா அதுக்குள்ள அது வயல முடிச்சிரும். நாங்க வருஷா வருஷம் அப்படித்தான் செய்றோம், ஒரு பிரச்சனையும் இல்ல.

நாத்தங்கால்:
கொள்ளிடக்கரை அண்ணே, ரெண்டு புழுவும் திங்குற எடம் வேற. ஒண்ணு இலைய மடிச்சு அதுக்குள்ள உக்காந்து பச்சையச் சுரண்டுது, இன்னொண்ணு தண்டுக்குள்ள பூந்து போயிடுது, உள்ள போனப்புறம் மேல நீங்க குளிப்பாட்டுனாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாது. எந்த நேரத்துல அடிக்கணுங்குறதே பூச்சிக்குப் பூச்சி மாறும்போது பேரு தெரியாம எப்புடி அடிக்கிறது. அப்புறம் கடைக்காரங்க கலந்து குடுக்குறதுல பைரித்ராய்டு வகை மருந்து இருந்துச்சுன்னா வேற வம்பு, அது சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி மாதிரி நல்ல பூச்சி எல்லாத்தையும் கொன்னுட்டு, சாறு உறிஞ்சுற புகையான் பூச்சியக் கெளப்பி விட்டுரும். கதிர் வர்ற நேரத்துல வயல் நடுவுல வட்ட வட்டமா தீஞ்சு போறத பாத்தவங்களுக்குத் தெரியும் அந்த வலி.

வெண்ணாத்தங்கரை:
அண்ணே வயல்ல எறங்கிட்டேன், காலைலயே போயி முட்டிக்கால் சேத்துல நின்னு பாத்துட்டுத்தான் எழுதுறேன். கெழக்கு மடைப் பக்கம் அங்கங்க நடுக்குருத்து மட்டும் காஞ்சு பழுப்பா நிக்குது, சுத்தி உள்ள இலையெல்லாம் பச்சையாத்தான் இருக்கு. காஞ்சத புடிச்சு இழுத்தா கைலயே வந்துருச்சு, அடி அழுகி நாத்தம் அடிக்குது. தண்ட நகத்தால கீறிப் பாத்தேன், உள்ள வெளிர் மஞ்சள்ல ஒரு புழு, தலை மட்டும் பழுப்பு, ஒரு தண்டுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. மடிஞ்ச இலையும் இருக்கு ஆனா அது வேப்பமரத்து நெழல் விழுற வரப்போரம் மட்டுந்தான். வாசல்ல பூச்சியையும் பாத்தேன், விட்டில் பிரியன் சொன்ன புள்ளி வெச்சதுதான் நெறைய, கோடு போட்டது கொஞ்சம். ஆனா இன்னொண்ணும் இருக்கு, ரொம்பப் பொடிசு, வைக்கோல் கலர், புள்ளியும் இல்ல கோடும் இல்ல, அது வாசல்ல விட உள் ரூம்லதான் ஜாஸ்தி. அது குட்டி குருத்துப்பூச்சியா?

விட்டில் பிரியன்:
அந்துப்பூச்சில குட்டின்னு ஒண்ணு கெடையாதுங்க. றெக்கை மொளச்சு வெளிய வந்துட்டா அதுக்கு மேல வளராது, வளர்ற வேலையெல்லாம் புழுவா இருக்கும்போதே முடிஞ்சிரும். அதனால சைஸ் அவ்வளவு வித்தியாசமா இருந்தா அது வேற ஜாதின்னு எடுத்துக்கலாம், ஆணு பொண்ணு சைஸ் வித்தியாசம் இந்த அளவுக்கு இருக்காது. உள் ரூம்ல உள்ளத ஒண்ணு புடிச்சு வெள்ளப் பேப்பர்ல வெச்சு பின்றெக்கைய விரிச்சுப் பாருங்க. நுனி விரல் நீட்டுன கணக்கா கூரா முடிஞ்சு, ஓரம் பூரா நீள நீளமா முடி இருந்துச்சுன்னா அது நெல் அந்து, சைட்டோட்ரோகா சீரியலெல்லா. அம்மாகிட்ட கேளுங்க, நெல்லுல வட்டமா ஓட்டை விழுந்துருக்கான்னு.

பொன்னிவயல்:
நான் அக்ரி படிச்சிட்டு இப்ப எங்க வயல்தான், திருவாரூர் பக்கம். அம்மா சொன்னது அந்தப் பொடிப்பூச்சிக்கு சரியாத்தான் இருக்கும். நெல் அந்து புழு நெல்லுக்கு உள்ளயே இருந்து அரிசியத் தின்னு உள்ளயே கூடு கட்டி அந்தா வெளிய வரும், வெளிய வந்த எடம்தான் அந்த வட்ட ஓட்டை. கைல அள்ளுனா நெல்லு லேசா இருக்கும், ஊதுனா பறக்கும். ரவை, அரிசில நூலாம்படை கட்டி கட்டியாப் புடிச்சு வெக்கிறது வேற அந்து, அது சாம்பல் பழுப்பு, கொஞ்சம் பெரிசு, கோர்சைரா. ரெண்டும் ஒண்ணுன்னு வீட்டுல நெனைப்பாங்க.

நெல் அந்து வயல்ல கதிர் முத்தும்போதே முட்டை வெச்சு களத்து வழியா வீட்டுக்கு வந்துரும், ஆனா நிக்கிற பச்சைப் பயிருல நீங்க பாத்த குருத்துக் காஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. குவியலா கொட்டி வெச்ச நெல்லுல இது மேலாப்புலதான் சேதம் பண்ணும், ஆழத்துக்கு அதால போக முடியாது. மூட்டையப் பிரிச்சு நல்ல வெயில்ல காய வெச்சு, ஈரம் 12 சதவீதத்துக்கிட்ட கொண்டு வந்து, சுத்தமான சாக்குல கட்டி வைங்க. எங்க ஆச்சி நொச்சி இலை போடுவாங்க, இன்னமும் போடுறோம். மழைக்காலமா இருக்கு, வெயில் அடிக்கிற அன்னிக்கு விட்டுடாதீங்க. வெதநெல்லுன்னா மொளைப்பு டெஸ்ட் பண்ணிட்டு அடுத்த பட்டத்துக்கு வெக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.

இப்ப வயலுக்கு வருவோம். புழு, காஞ்ச குருத்து, புள்ளி வெச்ச அந்து மூணும் ஒத்துப்போகுது, அது குருத்துப்பூச்சிதான், சந்தேகமே வேணாம். ஒரே ஒரு விஷயம் மட்டும் செக் பண்ணுங்க, காஞ்ச குருத்துக்குப் பதிலா வெங்காயத்தாள் கணக்கா உருண்டையா குழலா வெள்ளி நெறத்துல நீண்டுருந்தா அது ஆனைக்கொம்பன், அது ஈ, அந்துப்பூச்சியே இல்ல. சம்பா தாளடில ரெண்டும் ஒரே வயல்ல இருக்குறதுண்டு.

அடிக்கணுமா வேணாமாங்குறதுக்கு வாசல்ல எத்தன பூச்சி வருதுங்குறது கணக்கு இல்ல. அந்து இலையத் திங்காது, முட்டை வெக்கும், அவ்வளவுதான், அதனால முட்டையத் தேடுங்க. இலை நுனிக்குக் கிட்ட பழுப்பு ரோமம் போத்துன சின்னத் திட்டு, பெருவிரல் நகத்துல பாதி கூட இருக்காது, தடவுனா முடி கைல ஒட்டும், அந்த முடி பொட்டை அந்தோட வால் கத்தைலேர்ந்து வர்றது. அதுக்குள்ள பல பத்து முட்டை அடுக்கி இருக்கும், ஒரு வாரத்துக்குள்ள பொரிச்சு குட்டிப்புழு நூல் விட்டு காத்துல பக்கத்துக் குத்துக்குத் தாவும். சதுர மீட்டருக்கு ரெண்டு முட்டைத் திட்டு, இல்லன்னா தூர்ல 10 சதவீதம் குருத்துக் காஞ்சது, இதான் மருந்து அடிக்கிற எல்லை. கதிர் வந்தப்புறம்னா 2 சதவீதம் வெண்கதிர், அதாவது மணி பிடிக்காம வெளுத்துப்போன கதிர். வயல்ல குறுக்கா நடந்து அங்கங்க நின்னு எண்ணுங்க, மடைப்பக்கம் மட்டும் எண்ணிட்டு முழு வயலுக்கும் கணக்குப் போடாதீங்க, எண்ணுனதுல உங்களுக்கு கெழக்கால மட்டும் இருக்குன்னா அந்த எடத்துக்கு மட்டும் வைத்தியம் பண்ணா போதும்.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றி மேடம். எண்ணிட்டேன். கெழக்குப் பக்கம் குருத்துக் காஞ்சது நூத்துக்கு ஆறு ஏழு வருது, மத்த எடத்துல ஒண்ணு ரெண்டுதான். முட்டைத் திட்டு இருக்கு, ஆனா ரெண்டு அளவுக்கு எங்கயும் இல்ல. அம்மா காட்டுன நெல்லுல நீங்க சொன்ன வட்ட ஓட்டை அப்படியே இருக்கு, அம்மா மூஞ்சியப் பாக்கணுமே. அப்ப மருந்து வேணாமா? அப்பா பயப்படுறாரு, அடிக்காம விட்டு கதிரு வெள்ளையா வந்துட்டா யாரு பதில் சொல்றதுங்குறாரு.

பொன்னிவயல்:
அப்பா பயம் நியாயம்தான், ஆனா இப்ப காஞ்ச தூருக்குப் பதிலா புதுத் தூர் வெடிக்கும், 1009 நீண்ட நாள் ரகம், அதுக்கு டைம் இருக்கு. பயிர் ஈடு கட்ட முடியாதது பொதி கட்டுற நேரத்துல, அதாவது தண்டுக்குள்ள கதிர் உருவாகுறப்ப வர்ற தாக்குதல்தான், அப்ப புழு உள்ள போயி கதிர்த் தண்டக் கடிச்சா அந்தக் கதிர் முழுசும் பதரு. அதனால இப்ப ஒட்டுண்ணி விடுங்க, டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், ஏக்கருக்கு 2 சிசி (அட்டைல ஒட்டுன முட்டையோட அளவு), வாரம் ஒருக்க. அட்டையா குடுப்பாங்க, துண்டு துண்டா வெட்டி இலை அடிப்பக்கம் பின் பண்ணணும், சாயங்காலமாப் பண்ணுங்க, கொட்டுற மழைல பண்ணாதீங்க. அது கண்ணுக்கே சரியாத் தெரியாத குளவி, அந்து முட்டைக்குள்ள தன் முட்டைய வெச்சிரும், புழு பொறக்கவே பொறக்காது. வேடிக்கை என்னன்னா அந்தக் குளவிய லேப்ல வளக்குறதே நான் மேல சொன்ன கோர்சைரா முட்டைலதான், அதுக்காக கம்புல அந்து வளப்பாங்க. இலைச்சுருட்டுக்கு வேற டிரைக்கோகிரம்மா, கைலோனிஸ்னு கேளுங்க, உங்களுக்கு அது இப்ப தேவையில்ல. உங்க பக்கத்துலயே நீடாமங்கலம் கேவிகே, அதான் வேளாண் அறிவியல் நிலையம், இருக்கு, அட்டை எங்க கெடைக்கும்னு அங்க விசாரிங்க. அட்டை கட்டுன வயல்ல அந்த வாரம் பூச்சிமருந்து அடிச்சா காசு ரெண்டு பக்கமும் போச்சு.

எல்லைய தாண்டுச்சுன்னா மட்டும் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி ஏக்கருக்கு 60 மில்லி, அது ஒண்ணு போதும், கூட எதையும் கலக்காதீங்க. கடைல குடுத்த பாட்டில் லேபிள்ல என்ன பேரு போட்டுருக்குன்னு பாருங்க, நெல்லு, தண்டுத் துளைப்பான்னு எழுதாத மருந்த திருப்பிக் குடுத்துருங்க.

நாத்தங்கால்:
கூட ரெண்டு வேலை, செலவில்லாதது. யூரியாவ ஒரே மூச்சா கொட்டாம பிரிச்சுப் போடு, கருகருன்னு பச்சை கட்டுன பயிருக்குத்தான் ரெண்டு பூச்சியும் மொதல்ல வரும், மாமா வயல்ல சுருட்டு ஜாஸ்தின்னா எத்தன மூட்டை போட்டாருன்னு கேட்டுப் பாரு. இன்னொண்ணு காஞ்ச குருத்தப் புடுங்கும்போது மேலாக்க இழுத்தா புழு அடித்தண்டுலயே தங்கிடும், தூரோட அறுத்து வெளிய கொண்டாந்து போடு. நாத்து நடும்போது நுனியக் கிள்ளி நட்டுருந்தா முட்டையில பாதி நாத்தங்கால்லயே போயிருக்கும், தாளடி நடுறவங்க யாராச்சும் படிச்சா இத செய்ங்க.

வெளக்குப் பொறி வெக்கணும்னா வாசல் லைட்ட நம்பாத. வரப்புல ஒரு பல்பு, கீழ அகலமா ஒரு தட்டுல தண்ணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், பொழுது சாஞ்சதுலேர்ந்து பத்து மணி வரைக்கும் போதும், விடிய விடிய எரிஞ்சா நல்ல பூச்சியும் விழும். பௌர்ணமிய ஒட்டி பூச்சி கொறைஞ்சு விழும், அதப் பாத்து கொறைஞ்சு போச்சுன்னு சந்தோஷப்படாத. எங்க பக்கம் தண்ணி முன்னப்பின்ன வந்ததால குறுவை அறுத்த தாளு ஒரு பக்கம், சம்பா ஒரு பக்கம், தாளடி நாத்து ஒரு பக்கம்னு கெடக்கு, குருத்துப்பூச்சிக்கு வருஷம் பூரா சாப்பாடு. குறுவைத் தாள்ல உள்ள புழுதான் இப்ப அந்தா வந்து உங்க சுவத்துல உக்காந்திருக்கு, அறுத்த உடனே தாள மடக்கி உழுதுட்டா பாதி தொல்லை இல்ல.

கொள்ளிடக்கரை:
சரி பேரு தெரியணும்னே வெச்சுக்குவோம். போன வருஷம் எனக்கு வெண்கதிர் வந்துச்சு, குருத்துப்பூச்சின்னு அடிச்சேன் ஒண்ணும் நிக்கல. அதுக்கு என்ன சொல்றீங்க?

பொன்னிவயல்:
வெண்கதிர் கண்ணுல பட்டப்புறம் அந்தக் கதிருக்கு எந்த மருந்தும் கெடையாதுங்க, சேதம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சுது. அது போக, அந்தக் கதிர இழுத்துப் பாத்தீங்களா? குருத்துப்பூச்சின்னா லேசா இழுத்தாலே உருவிட்டு வரும், அடி கடிச்சு நறுக்குன கணக்கா இருக்கும், கதிர் நேரா நட்டுக்கிட்டு நிக்கும். இழுத்தா வராம, கழுத்துக் கணு கருத்துப்போயி அங்கயே ஒடிஞ்சு தொங்குச்சுன்னா அது கழுத்துக்குலை நோய், பூஞ்சை, அதுக்குப் பூச்சிமருந்த எத்தன டேங்க் அடிச்சாலும் நிக்காது.

கொள்ளிடக்கரை:
கழுத்து கருப்பாத்தான் இருந்துச்சு. சரிங்க.

மேலவாய்க்கா:
இடைல பூர்றதுக்கு மன்னிக்கவும், நான் தஞ்சாவூர் பக்கம், எனக்கு வர்ற அந்து சுத்த வெள்ளை, மஞ்சளே இல்ல, புள்ளியும் இல்ல, பொட்டைக்கு வால்ல ஆரஞ்சா முடி இருக்கு. நெல்லு வயல்லயும் உக்காந்திருக்கு. இதுவும் குருத்துப்பூச்சியா?

விட்டில் பிரியன்:
பக்கத்துல கரும்பு இருக்கா? அப்படின்னா அது கரும்பு நுனிக்குருத்துத் துளைப்பான், சிர்போஃபேகா எக்செர்ப்டாலிஸ், நம்ம மஞ்சளுக்குப் பங்காளி, நெல்லுல சும்மா வந்து உக்காரும், புழு வளர்றது கரும்புலதான். வெள்ளை றெக்கைல பழுப்பா அலை அலையா கோடும் புள்ளியும் இருந்தா மட்டும் திரும்ப எழுதுங்க, அது கூண்டுப்புழு அந்து, தண்ணி தேங்கி நிக்கிற வயல்ல இலை நுனிய நறுக்கி குழாய் பண்ணி அதுக்குள்ள மெதக்குமே, அது. அதுக்குத் தண்ணிய வடிச்சாலே பாதி போயிரும்.

மேலவாய்க்கா:
ரெண்டு வரப்பு தள்ளி கரும்புதான். நாளைக்கு கரும்புல நுனி காஞ்சிருக்கான்னு பாத்துட்டு போட்டோ போடுறேன்.